வாய் நமநமங்குதா? புரட்டாசியைக் கேளுங்க!

மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "வாய் நமநமங்குது, டப்பாவுல எதாச்சும் இருக்கா?" இந்தக் கேள்வி எழாத வீடு எங்க சேலம், நாமக்கல் பக்கம் இருந்தா சொல்லுங்க, மாலையோட வந்து பார்த்துட்டுப் போறேன்.

இது பசி இல்லீங்க. பசிச்சா வயிறு சொல்லும், பழைய சோறும் பச்சை மிளகாயும் கிடைச்சாலே தேவாமிர்தமா இருக்கும். நமநமப்புக்குப் பழைய சோறு ஆகாது. அதுக்குக் குறிப்பா ஒண்ணு வேணும். மொறுமொறுன்னு, காரசாரமா, இல்லைன்னா நெய் மணக்க இனிப்பா. இங்கிலீஷில் இதை 'கிரேவிங்' என்கிறார்கள். இந்தச் சொல்லுக்குப் பல மொழிகளில் நேரான சொல்லே கிடையாது என்று ஜூலியா ஹோர்ம்ஸ், பால் ரோசின் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம்ம 'நமநம' அவங்க காதுல விழலை போல :-)

நமநமப்பு ஏன் வருதுன்னு கேட்டா ஊர்ப்பக்கம் ரெண்டே பதில்தான். ஒண்ணு, "உடம்பு கேக்குது, அதான் வாய் கேக்குது." இன்னொண்ணு, "நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மம்." முதல் பதில் கர்ப்பிணிகளுக்கும் செல்லப் பிள்ளைகளுக்கும். இரண்டாவது மிச்சம் இருக்கிற எல்லாருக்கும், முக்கியமா சர்க்கரை வந்தவங்களுக்கு.

ரெண்டுமே பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி. கிடைக்கும் என்று தெரிந்தால்தான் வாய் கேட்கும். கேட்டால் கிடைக்கிற நேரம், இடம், ஆள் இதையெல்லாம் மனசு கணக்கு வச்சிருக்கு. அந்தக் கணக்குக்குப் பேர்தான் நமநமப்பு. எப்படின்னு சொல்றேன்.

உடம்பு கேக்குதா?

உடம்புக்கு எது குறையுதோ அதைத்தான் வாய் கேட்கும் என்றால், உலகம் முழுக்க ஒரே மாதிரி கேட்கணும் இல்லையா? அமெரிக்கப் பெண்களைக் கேட்டால் மாதவிடாய் சமயத்தில் சாக்லேட்டுக்கு மனசு அடிச்சுக்குது என்பார்கள். மெக்னீசியம் குறைவு, ஹார்மோன் என்று அதுக்குக் காரணமும் சொல்வார்கள். எகிப்தில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் அங்கத்துப் பெண்கள் அதிகம் சொன்னது இனிப்பை அல்ல, உப்பும் காரமுமான சாப்பாட்டை. ஜப்பானில் 2008-ல் பார்த்தபோது இளம்பெண்கள் சோற்றுக்கும் சுஷிக்கும் ஏங்கினார்கள். உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். வளர்ந்த வீடும் தெருவும்தான் வேற.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? சேலத்து மல்கோவா மாம்பழத்தையே எடுத்துக்குங்க. மே மாசம் கடைவீதிப் பக்கம் போனா அந்த வாசனைக்கே கால் நிக்கும். அதே ஆள் டிசம்பர்ல "மல்கோவா வேணும்போல இருக்கே"ன்னு புலம்பி நான் பார்த்ததில்லை. உடம்புக்குக் காலண்டர் தெரியாது. மனசுக்குத் தெரியும்.

உடம்பு கேட்கிற விவகாரம் அடியோட பொய்யான்னா, அதுவும் இல்லை. எங்க தெருவில் தறி ஓட்டுற ஒரு அக்கா இருந்தாங்க. முந்தானையில் எப்பவும் பச்சரிசி முடிஞ்சு வச்சிருப்பாங்க. தறிச் சத்தத்துக்கு நடுவுல வாய் மட்டும் மென்னுக்கிட்டே இருக்கும். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்னாங்க, உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே, தின்னு தின்னு"ன்னு கேலி பண்ணுவாங்க. மாமியார் திட்டுவாங்க. ஒருநாள் தறிகிட்டயே மயங்கி விழுந்த பிறகுதான் ரத்தம் பரிசோதிச்சாங்க. ஹீமோகுளோபின் பாதாளத்தில் கிடந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொஞ்ச நாள் போட்டதும் பச்சரிசி ஆசை தானா விட்டுப்போச்சு.

இதுக்கு மருத்துவத்தில் 'பைகா' என்று பேர். மண், சாம்பல், செங்கல் தூள், பல்பம், சாக்பீஸ், பச்சரிசி, ஐஸ்கட்டி இதையெல்லாம் தேடித் தேடித் தின்பது. இரும்புச்சத்துக் குறைவோட இது அடிக்கடி சேர்ந்து வரும். இதுல ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? பச்சரிசியில் சொல்லிக்கிற மாதிரி இரும்பு கிடையாது, ஐஸ்கட்டியில் சுத்தமா கிடையாது. உடம்பு ஏதோ சரியில்லைன்னு கத்துது, ஆனா மருந்துச் சீட்டைத் தப்பா எழுதுது. ஆகவே அப்படி ஒரு ஆசை வந்தா கேலியும் வேண்டாம், திட்டும் வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல!

நாக்கை அடக்க முடியாதா?

இப்ப இரண்டாவது பதிலுக்கு வருவோம். "நம்மாளுக்கு நாக்கு அடங்காது."

அப்படியா? புரட்டாசி மாசம் வந்து பாருங்க.

செப்டம்பர் பாதியில் இருந்து அக்டோபர் பாதி வரைக்கும் எங்க பக்கம் எத்தனை வீட்டுல கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை! முட்டைக்கே பேர் போன நாமக்கல்லில் இந்த மாசம் வந்தாலே பண்ணைக்காரங்க முகம் வாடிடும். விற்பனை படுத்திடும், விலை இறங்கும். வருசா வருசம் செய்தித்தாளில் வருகிற செய்திதான். ஞாயித்துக்கிழமைன்னா நாட்டுக்கோழி இல்லாம சோறு இறங்காதுன்னு சொல்ற ஆள், பள்ளிபாளையம் சிக்கனுக்கு வண்டி எடுத்துக்கிட்டு முப்பது கிலோமீட்டர் போற ஆள், நாலு சனிக்கிழமையும் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வந்து புளிசாதம் சாப்பிட்டுட்டு அமைதியா உக்காந்திருப்பார். கஷ்டமா இருக்கான்னு கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பழகிடும்" என்பார்.

அதே நாக்குதான். பதினோரு மாசம் அடங்காத நாக்கு ஒரு மாசம் மட்டும் எப்படி அடங்குது? பக்தி என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். பக்தி உண்டு, மறுக்கலை. ஆனா அந்த மாசம் எப்படி அமைஞ்சிருக்குன்னு கொஞ்சம் பாருங்க.

1. வீட்டில் ஒருத்தர் மட்டும் விடறதில்லை. மொத்த வீடும் விடுது. அடுப்பில் கறி கொதிக்கலை, பக்கத்து வீட்டில் இருந்தும் மசாலா வாசனை வரலை. ஞாபகப்படுத்த ஆளே இல்லை.

2. வாய் சும்மா இல்லை. சுண்டல், புளியோதரை, வடை, பொங்கல். நவராத்திரியும் இதிலேயே வருது, கொலு வச்ச வீட்டில் எல்லாம் கிண்ணத்துல சுண்டல். ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வச்சிருக்காங்க.

3. முடிவு தேதி தெரியும். "இனிமேல் வாழ்நாள் முழுக்கக் கறி கூடாது" என்று யாரும் சொல்லலை.

4. யாரும் யாரையும் திட்டறதில்லை. "உனக்குக் கூடாது" என்று இல்லை, "நமக்கு இந்த மாசம் இல்லை", அவ்வளவுதான்.

இந்த நாலும் சேர்ந்தால் சாதாரண மனுசன் முனிவர் ஆயிடறார். ஐப்பசி முதல் ஞாயித்துக்கிழமை கறிக்கடை வரிசையைப் பார்த்தீங்கன்னா முனிவர் மறுபடி மனுசன் ஆயிட்டார்னு தெரியும் :-)

தொப்பூர் கணவாய் தாண்டினா...

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கு. புரட்டாசி விரதம் இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. முதல் வாரம், ரெண்டாம் வாரம் எல்லாம் ஒண்ணும் தெரியாது. கடைசி வாரம்தான் வாய் கேட்க ஆரம்பிக்கும். ரமலான் நோன்பு வைக்கிற நண்பர்களும் இதேதான் சொல்வாங்க. பகல் பூரா நினைப்பே வராது, பாங்கு சொல்ல அரை மணி நேரம் இருக்கும்போது மனசெல்லாம் சமோசா, கஞ்சி.

பட்டினி நேரம் கூடக் கூட ஆசை கூடுதுன்னு நினைப்போம். அப்படி இல்லைன்னு காட்டின ஓர் ஆய்வு இருக்கு. 2010-ல் இஸ்ரேலில் ரூவன் டார் என்கிற உளவியலாளர் குழு புகைபிடிக்கிற விமானப் பணியாளர்களை வச்சு செஞ்சது. விமானத்துல சிகரெட் கூடாது. அதே ஆட்களை ரெண்டு விதப் பயணத்துல பார்த்தாங்க: ஒண்ணு மூணுல இருந்து அஞ்சரை மணி நேரம், இன்னொண்ணு எட்டு மணி நேரத்துக்கு மேல. நிகோட்டின் குறையறதுதான் காரணம்னா நாலு மணி நேரம் ஆனா ரெண்டு பயணத்துலயும் ஒரே அளவு தவிப்பு இருக்கணும். ஆனா சின்னப் பயணத்துல இறங்கப்போறப்ப தவிப்பு உச்சத்துல, நீண்ட பயணத்துல அதே நேரத்துல அமைதியா இருந்தாங்க. அதுலயும் இறங்கற நேரம் நெருங்க நெருங்கத்தான் ஏறிச்சு. சிகரெட் மாதிரி உடம்பைப் பிடிச்சு ஆட்டற பொருளுக்கே இந்தக் கதைன்னா, முறுக்குக்கு என்ன?

இதை நாங்க ஆய்வு இல்லாமலே கண்டுபிடிச்சு வச்சிருக்கோம். பெங்களூர்ல வேலை பார்க்கிற சேலத்துப் பசங்களைக் கேளுங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தட்டுவடை செட் ஞாபகமே வராது. வெள்ளி ராத்திரி பஸ் ஏறி, தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாய்ல வண்டி இறங்க ஆரம்பிச்சதும் வாயில் எச்சில் ஊறும். பஸ்ஸில் யாரும் சட்னி அரைக்கலை. ஊர் வருது, கடை வருது, கணக்குப் போட்டாச்சு. நாய்க்குச் சோறு போடற ஆளோட காலடிச் சத்தம் கேட்டாலே அதுக்கு எச்சில் ஊறுதுன்னு ரஷ்யாவுல பாவ்லோவ் நூறு வருசத்துக்கு முன்னாடியே சொன்னதுதான். நமக்குத் தொப்பூர் கணவாய்.

தட்டுவடை செட் பற்றி ஒரு பாரா எழுதலைன்னா சேலத்துக்காரன் என்று சொல்லிக்க எனக்கு அருகதை இல்லை. தெரியாத வெளியூர் நண்பர்களுக்கு: உள்ளங்கைக்குள் அடங்குற ரெண்டு தட்டுவடை. நடுவில் சிவப்பா ஒரு கார சட்னி, பச்சையா ஒரு மல்லி புதினா சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேல எலுமிச்சம்பழம் ஒரு பிழி. அப்படியே முழுசா வாயில் போடணும். கடிச்சா மொறுமொறு, காரம், புளிப்பு, பீட்ரூட்டோட லேசான இனிப்பு எல்லாம் ஒரே நேரத்துல.

ஒரே ருசியைத் தின்னுக்கிட்டே இருந்தா நாக்குக்கு அந்த ருசி மட்டும் அலுத்துடும், ஆனா வேற ருசி வந்தா மறுபடி விழிச்சுக்கும். பார்பரா ரோல்ஸ் என்பவர் 1981 வாக்கிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே மாதிரி சாண்ட்விச் வச்சதைவிட நாலு விதமா வச்சா ஆட்கள் கூடுதலா சாப்பிட்டாங்க. கல்யாண வீட்டுல வயிறு வெடிக்கச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைக்கறது இதனாலதான். செட்டுக்கடைக்காரருக்கு ரோல்ஸைத் தெரியாது, சூட்சுமம் தெரியும். ஒரு வாயிலேயே நாலு ருசி. அது முடிஞ்சா நொறுக்கல், அப்புறம் முறுக்கு செட், அப்புறம் கரம். அலுக்கவே விடமாட்டார்.

ஆனா அந்தக் கடைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல்தான் திறக்கும், ராத்திரி மூடிடும். நடந்து போகணும், நின்னு சாப்பிடணும், நாலு பேர் பார்ப்பாங்க. இதெல்லாம் வேலி. இப்ப கைபேசியில் ஒரு கடை வந்திருக்கு. அது மூடறதே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கிட்டே விரலால் தடவினா பிரியாணி படம், கேக் படம், "உங்களுக்காக" என்று ஒரு தள்ளுபடி. கிடைக்கும் என்றால்தான் வாய் கேட்கும் என்றேன் இல்லையா? எப்பவும் கிடைக்கும் என்றால் எப்பவும் கேட்கும். போன தலைமுறைக்கு நம்மைவிட மன உறுதி ஜாஸ்தி என்று நான் நம்பலை. அவங்களுக்குக் கடை மூடியிருந்தது.

பட்டினி வேற, நமநமப்பு வேற

"கிடைக்காத இடத்திலும் சாப்பாட்டு நினைப்பு வருதே?" என்று யாராவது கேட்பீங்க. நியாயமான கேள்வி. போர்வெல் வண்டியோட ராஜஸ்தான் போயிருக்கிற திருச்செங்கோட்டு ஆளுக்கு ராகிக்களி ஞாபகம் வரும்தான். அதை நான் ஏக்கம் என்பேன். அதில் அம்மா இருக்காங்க, ஊர் இருக்கு, களி ஒரு சாக்கு.

நிஜப் பட்டினி இன்னும் வேற. 1944-45-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவங்களை எப்படித் தேத்தறதுன்னு தெரிஞ்சுக்க நடந்த சோதனை. எல்லாரும் தாங்களா முன்வந்த ஆட்கள். கொஞ்ச நாளில் அவங்களுக்குப் பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடுதான். அதுவரை அடுப்பங்கரைப் பக்கம் போகாத பசங்க சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. சோதனை முடிஞ்ச பிறகும் பலருக்கு எவ்வளவு தின்னாலும் போதும் என்கிற உணர்வு வர ரொம்ப நாள் ஆச்சு.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. "நாளையிலிருந்து ராத்திரி சாப்பாடே கிடையாது" என்று திடீர்னு சபதம் போடற மக்களே, நீங்க நமநமப்பை அடக்கலை, பட்டினியை வரவழைக்கிறீங்க. நாலாம் நாள் ராத்திரி பிஸ்கட் டப்பா காலியாகும். அப்புறம் "எனக்கு மன உறுதியே இல்லை" என்று அழுகை. உறுதி இருந்துச்சுங்க, வயித்துல சோறுதான் இல்லை.

சர்க்கரை வந்த வீடு

இவ்வளவு நேரம் கதை பேசினது இதுக்காகத்தான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். சர்க்கரை வரப்போகிற நிலையில் இன்னும் 13.6 கோடி பேர். மாத்திரை கிடைக்காமல் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் எங்க பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீடு தேடியே வந்துச்சு. ஆனா வாய் நமநமங்கும்போது என்ன செய்யறது என்பதை வீடு தேடி வந்து யாரும் சொல்றதில்லை. அதை வீட்டுக்காரங்க பார்த்துக்கறாங்க. எப்படி? திட்டி.

ராசிபுரம் பக்கம் எனக்கு ஒரு பெரியப்பா. சர்க்கரை வந்து பத்து வருசம் ஆச்சு. வீட்டில் அவருக்குத் தனிச் சமையல். பேரப் பசங்க மைசூர்பாகு தின்னும்போது அவர் தட்டில் கோதுமை தோசை. கை லேசா டப்பா பக்கம் நகர்ந்தா போதும், பெரியம்மா குரல் வாசல் வரைக்கும் கேட்கும். "வந்தவங்க முன்னாடிகூட நாக்கை அடக்க மாட்டீங்களா? கால் போச்சுன்னா யாரு தூக்கறது?" பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அது பயம். ஆனா பெரியப்பா அந்த இடத்துல ஒண்ணும் பேச மாட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "சந்தை வரைக்கும் போயிட்டு வரேன்" என்பார். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நின்னுக்கிட்டே தேங்காய் பன் ரெண்டு, சர்க்கரை தூக்கலா ஒரு டீ. யாராவது தெரிஞ்ச ஆள் வந்துடுவாங்களோன்னு அவசர அவசரமா.

இதே பெரியப்பா புரட்டாசி மாசம் முட்டை ஓட்டைக்கூடத் தொட மாட்டார். நாக்கு அடங்காத மனுசனா அவர்?

அந்த வீட்டில் நடக்கறதை புரட்டாசியோட வச்சுப் பாருங்க. விடறது ஒருத்தர், தின்கிறது எல்லாரும். கண் முன்னாடி டப்பா. மாத்து ஏற்பாடு கிடையாது. முடிவு தேதி கிடையாது. மேல திட்டு வேற. புரட்டாசி எதனால் ஜெயிக்குதோ அத்தனையும் இங்கே தலைகீழ். இதில் "நினைக்காதே" என்று சொல்வது இன்னும் மோசம். 1987-ல் டேனியல் வெக்னர் என்பவர் மாணவர்களிடம் "வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தார். நினைச்சு நினைச்சு மணி அடிச்சாங்க. அந்தத் தடையை எடுத்த பிறகு முன்னைவிட அதிகமா நினைச்சாங்க. பெரியப்பாவுக்கு மைசூர்பாகுதான் வெள்ளைக் கரடி.

திருட்டுத்தனமா தின்கிறதில் இன்னொரு ஆபத்து. பால் ரோசின் குழு 1998-ல் ஞாபகம் பதியாத ரெண்டு நோயாளிகளைப் பார்த்தது. மதியச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல மறுபடி தட்டு வச்சா, முதல் தடவை சாப்பிட்டதே ஞாபகம் இல்லாம மறுபடி சாப்பிட்டாங்க. போதும் என்கிற உணர்வுக்கு வயிறு மட்டும் போதாது, சாப்பிட்டோம் என்கிற ஞாபகமும் வேணும். அவசரமா, ஒளிஞ்சு, பயந்து தின்ன பன் எப்படிங்க மனசுல பதியும்? உக்காந்து ருசிச்சு அரைத் துண்டு தின்னிருந்தா அதைவிட நிறைவா இருந்திருக்கும்.

என் கருத்து இதுதான்: சர்க்கரை வந்தவருக்கு மட்டும் தனிச் சமையல் என்கிற வழக்கத்தை விடணும். மொத்த வீடும் மாறணும். அவர் சாப்பிடறதை எல்லாரும் சாப்பிடுங்க, பசங்களுக்கும் அது நல்லதுதான். இனிப்பு டப்பா வீட்டிலேயே வேண்டாம். தீபாவளி, பொங்கல், நோம்பின்னு நாள் வச்சு, அன்னிக்கு டாக்டர் சொன்ன அளவில் அவருக்கும் சேர்த்து, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. மத்த நாளில் வாய்க்கு வேற ஏதாவது கொடுங்க. வெள்ளரிக்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள், அளவா வறுத்த நிலக்கடலை, கொள்ளுச் சுண்டல். நம்ம மண்ணில் இல்லாததா? திட்டு மட்டும் வேண்டாம்.

ஒண்ணு ஜாக்கிரதை. இன்சுலின் போடறவங்களுக்கும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் திடீர்னு அகோரப் பசி, கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா அது நமநமப்பு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கற அறிகுறி. அப்ப "நாக்கை அடக்கு" என்று வசனம் பேசிட்டு நிக்காம உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணியோ கொடுக்கணும்.

மசக்கைக்கு மட்டும் அனுமதியா?

கடைசியா ஒரு சங்கதி. செட்டுக்கடையில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்க. ஆம்பளைங்க தினமும் நிற்போம், யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. "டைம்பாஸ்." ஒரு பொம்பளை தனியா வந்து ரெண்டு செட் கேட்டா பார்வை மாறும். பெண்ணுக்கு அளவாச் சாப்பிடறது அழகு என்று கொன்றை வேந்தன் காலத்திலேயே பாடம் எடுத்தாச்சு. வீட்டில் எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் மீதியைச் சாப்பிடறவங்க "எனக்கு இது வேணும்போல இருக்கு" என்று சொன்னா "நாக்கைப் பாரு" என்கிற பட்டம்.

அவங்க வாய் கேட்கலாம் என்று ஊர் அனுமதி கொடுத்திருக்கிற ஒரே காலம் மசக்கை. அப்ப மாங்காய் கேட்டா மாங்காய், பொரி கேட்டா பொரி. ஏழாம் மாசம் பிறந்த வீட்டில் இருந்து கட்டுச்சோறு வகை வகையா வரும். மசக்கையில் உடம்பு மாற்றமும் உண்டு, சரிதான். ஆனா அத்தனை ஆசையும் அந்தச் சில மாசத்துல மட்டும் வர்றதுக்கு, கேட்டால் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோணுது. எங்க அம்மாயி சொல்வாங்க, "ஏழு பெத்தேன், அந்த ஏழு தடவைதான் எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டாங்க" என்று. சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க.

ஒருத்தர் ஆசையை அடக்கச் சொல்லித் திட்டறோம், இன்னொருத்தர் ஆசையைக் கேட்கவே விடறதில்லை. ரெண்டுமே ஒளிஞ்சு தின்கிறதுலதான் போய் முடியும். தறி ஓட்டின அக்கா முந்தானையில் முடிஞ்சு வச்சிருந்த பச்சரிசி அதுக்குச் சாட்சி.

அதனால, மக்களே, நாக்கைத் திட்டறதை நிறுத்துவோம். அது நாம வளர்த்த பிள்ளை, நாம காட்டின இடத்துலதான் கை நீட்டும். டப்பாவை எங்கே வைக்கிறோம், எத்தனை மணிக்கு எந்தத் தெரு வழியா வீட்டுக்குப் போறோம், ராத்திரி கைபேசியை எங்கே வைக்கிறோம், வீட்டில் யார் மட்டும் தனியா விரதம் இருக்காங்க, இதையெல்லாம் பார்ப்போம். வருசத்துல ஒரு மாசம் ஊரே சேர்ந்து செஞ்சு காட்டறதை, ஒரு வீடு சேர்ந்து செய்ய முடியாதா என்ன?

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. அடக்கவே முடியாம அளவில்லாமல் தின்கிறது, தின்னுட்டு வாந்தி எடுக்கிறது, சாப்பாட்டை நினைச்சாலே அழுகை வர்றது இதெல்லாம் பதிவு படிச்சுச் சரியாகிற விஷயம் இல்லை. மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை.

டிஸ்கி 2: உங்க ஊர் நமநமப்பு என்ன, எத்தனை மணிக்கு, எந்த இடம் தாண்டினா வருதுன்னு எழுதுங்க. சேலத்துக்காரங்க எந்தக் கடை செட்டு பெஸ்ட் என்று மட்டும் சண்டை போட வேண்டாம். அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது.